தேதி போட்டு எழுதுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாம் பார்க்கும் காட்டு விலங்குகளைத் தேதியோடு எழுதிவைப்பது பற்றித்தான் இன்று பேச வந்தேன். ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். காட்டு முயலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

முன்வரிசையில் ஒருவர் “நாலைந்து வருஷம் இருக்கும்” என்கிறார். பக்கத்தில் இருப்பவர் “சின்ன வயசில் நிறையப் பார்த்திருக்கிறேன்” என்கிறார். எனக்குக் கவலை தருவது இந்தப் பதில்கள்தான். முயல் குறைந்துவிட்டதா, நாம் கவனிப்பது குறைந்துவிட்டதா? தேதி போட்ட குறிப்பு இல்லாமல் எப்படிச் சொல்வது?

பறவைகளுக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை. பார்த்த பறவைகளை யார் வேண்டுமானாலும் பதியக்கூடிய, 2002இல் தொடங்கிய இபேர்ட் என்ற இணையதளத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. பறவை பகலில் பறக்கும், குரல் கொடுக்கும். பாலூட்டிகளில் பெரும்பாலானவை இருட்டில் சத்தமில்லாமல் போய்விடும். ஆய்வாளர் வருஷத்தில் சில நாள் வந்து தேடினால் கண்ணில் படாது. இரவு வேலை முடிந்து வீடு திரும்புகிறவருக்கும் விடியலில் நடக்கிறவருக்கும்தான் படும்.

1995இல் மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த அளவையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. அவர் கடல் மீனை வைத்துச் சொன்னது நரிக்கும் பொருந்தும். தாத்தா தினமும் ஊளை கேட்டிருப்பார். பேரன் வருஷத்துக்கு ஒருமுறை கேட்டாலே பூரித்துப்போவான். இடையில் போனது எவ்வளவு என்று இருவருக்குமே தெரியாது. அதனால் அரிய விலங்குக்காகக் காத்திருக்காதீர்கள். அணிலையும் கீரியையும் நிறைய இருக்கும்போதே எழுதுங்கள்.

என்ன விலங்கு, எங்கே, எந்த நாள், பார்த்தது யார். இந்த நாலும் வேண்டும். என் பழைய குறிப்பேட்டில் ‘நீர்நாய் மூன்று, பாலத்தடியில்’ என்று ஒரு வரி இருக்கிறது. வருஷமும் இல்லை, எந்தப் பாலம் என்றும் இல்லை. அந்த மூன்றையும் இனி எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. இன்றும் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் மனசு வலிக்கிறது.

விலங்கை நேரில் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. காலடித் தடம், புழுக்கை, உதிர்ந்த முள்ளம்பன்றி முள் எல்லாம் சாட்சிதான். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படமெடுத்தால் அளவு புரியும். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். வௌவாலில் மட்டும் 1,400க்கும் மேற்பட்ட இனங்கள். ‘வௌவால்’ என்று எழுதினாலே போதும்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பதையும் பதியுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்தி, உடலைத் தொடாமல் இடத்தைக் குறியுங்கள். ஒரே வளைவில் பதிவுகள் சேரச் சேர, வேகத்தடை எங்கே வேண்டும் என்று கேட்க நம் கையில் ஆதாரம் இருக்கும்.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. எறும்புத்தின்னியைப் பார்த்தால் இடத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். வேட்டைக்காரரும் அதைப் படிப்பார். பார்த்த உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்கள், அழியும் நிலையில் உள்ள இனங்களின் சரியான இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவிடும். குட்டி இருக்கும் வளைக்குப் படத்துக்காகக்கூடக் கிட்டே போகாதீர்கள்.

சரி, இருட்டப் போகிறது. வெளியே விளக்குக் கம்பத்தில் பூச்சிகள் மொய்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். வௌவால் வந்தால் மணியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.