ஏரியை வாங்கினால் வண்டலும் சேர்ந்துதான் வரும்

அனைவருக்கும் வணக்கம். ஏரிக்கரையில் வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? விற்கிறவர்கள் காட்டும் படத்தில் தண்ணீர் பளபளக்கும். அணை தெரியாது, வண்டல் தெரியவே தெரியாது. அந்த இரண்டைப் பற்றித்தான் இன்று பேச்சு. இடம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் லேக் பார்க்ராஃப்ட்.

ஹோம்ஸ் ரன் என்ற ஓடையை 1915இல் அணை கட்டி மறித்தார்கள். அலெக்சாண்ட்ரியா நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கத்தான். நகரம் பெருத்தது, தண்ணீர் போதவில்லை; ஒக்கோக்வான் ஆற்றுப் பக்கம் போனார்கள். 1950இல் ஏரியும் சுற்றியுள்ள நிலமும் மனைத் தொழில்காரர்கள் கைக்கு வந்தன. இன்று 135 ஏக்கர் தண்ணீர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், குளிக்க ஐந்து மணல்கரைகள். படகு விடலாம், பெட்ரோல் மோட்டார் மட்டும் கூடாது.

1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வந்தது. கட்டுமான அணை அசையவில்லை. அதன் ஓரத்து மண்கரையை வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான், ஏரி காலி. ஏரி பார்த்த வீடுகள் எல்லாம் சேறு பார்த்த வீடுகள் ஆயின.

சரி, யார் பணத்தில் கட்டுவது? குடிநீர்த் தேவை எப்போதோ முடிந்துவிட்டது. வெளியாள் இறங்கிக் குளிக்க முடியாத ஏரிக்கு ஊர்ப் பணத்தைக் கேட்பதும் நியாயமில்லை. சந்தா வசூலிக்கலாம் என்றால், கரையோர வீட்டுக்காரர் கொடுப்பார். மேட்டுத் தெருக்காரர், “என் ஜன்னலில் ஏரியே தெரியாதே” என்பார். குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளராக இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். (சிரிப்பு)

அவர்கள் பிடித்த வழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீர்ப்பிடிப்பைச் சீர்செய்ய, நில உடைமையாளர்கள் சேர்ந்து ஒரு தனி மாவட்டம் (நம் ஊர் மாவட்டம் போல இல்லை, இந்த ஒரு வேலைக்கான உள்ளூர் அமைப்பு) அமைத்துக்கொள்ள வர்ஜீனியா சட்டத்தில் இடம் இருந்தது. 1973இல் அதை அமைத்தார்கள். இனி அது சந்தா இல்லை, வரி. கடன் பத்திரம் வெளியிடலாம், கட்டாதவரிடம் சட்டப்படி வசூலிக்கலாம். நம் பழைய குடிமராமத்துக்கு வரி வாங்கும் அதிகாரமும் கிடைத்தால் எப்படி இருக்கும், அப்படி. பணம் திரட்டி, மண்கரையைச் சரிசெய்து, வெள்ளம் வந்தால் தாழ்ந்து உபரி நீரை வெளியேற்றும் பெரிய மதகு ஒன்றையும் வைத்தார்கள். ஏரி நிறைந்தது.

அணை கட்டினால் செலவு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஹோம்ஸ் ரன், டிரிப்ஸ் ரன் என்று இரண்டு ஓடைகள் வந்து சேர்கின்றன. மேலே சாலை, கூரை, கார் நிறுத்தும் தளம் எல்லாம் சிமெண்டும் தாருமாக ஆகிவிட்டன. மழைநீர் மண்ணில் இறங்காமல் வேகமாக ஓடி, ஓடைக்கரையை அரித்து, அந்த மண்ணை ஏரிவாயில் கொண்டுவந்து கொட்டுகிறது. விட்டுவிட்டால் ஏரி மேடாகும், அதனால் தூர்வாரிக்கொண்டே இருக்கிறார்கள். இலை, குப்பை, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் தனி வரும்படி!

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வேலி போட்ட மாதிரி ஒரு ஏரியை ஆயிரம் குடும்பங்கள் மட்டும் அனுபவிப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் மேலே தளம் போட்டு மண்ணை அனுப்புகிறவர் அந்த மாவட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறார். அவர் இதற்கென்று ஒரு காசும் கட்டுவதில்லை; வாரிக் கொட்டும் கூலி கீழே இருப்பவர் தலையில்தான். அந்தக் கணக்கை மட்டும் 1973 ஏற்பாட்டாலும் தீர்க்க முடியவில்லை.