ஆடிக் காத்துக்கு எண்ணெய் டின் மறைப்பு, கேம்ப்பிங் அடுப்புக்கு நம்மளே செய்யலாம்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லாருக்கியளா. மைக்ல உஸ்ஸுன்னு அடிக்கது பூரா காத்துதான், பணகுடி பக்கம் ஒரு விளைல நிக்கேன், பின்னால காத்தாடியெல்லாம் என்ன சுத்து சுத்துது பாருங்க. ஆரல்வாய்மொழி கணவாய் இருக்குல்லா, ரெண்டு பக்கமும் மலை, நடுவுல அந்த இடைவெளி வழியா தென்மேற்குப் பருவக்காத்து நெருக்கிக்கிட்டு வருது, அதான் முப்பந்தல் காவல்கிணறு பக்கமெல்லாம் இம்புட்டு காத்தாடி நட்டிருக்காங்க.

இதுல கேஸ் டப்பா மேல திருகுற சின்ன அடுப்ப பத்த வச்சா என்னாவும்? அணைஞ்சாக்கூட பரவால்ல, அணையாம சாஞ்சே எரியும், சூடெல்லாம் பாத்திரத்துக்கு வெளிய போயிரும், தண்ணி கொதிக்காது கேஸ் மட்டும் தீந்துரும்.

அதுக்குத்தான் இந்த 15 கிலோ எண்ணெய் டின்னு. பலசரக்கு கடைலயோ ஹோட்டல்லயோ கேட்டா காலி டின் கிடைக்கும். ஜிஐ ஷீட் மட்டும் வேண்டாம், அதுல துத்தநாகப் பூச்சு இருக்கு, தீ பட்டு ரொம்ப சூடாச்சுன்னா வர்ற புகைய இழுத்தா காய்ச்சலே வந்துரும். டின்ன நாலு மூலையிலயும் தகரம் வெட்டுற கத்திரிய வச்சு வெட்டுனா நாலு பலகை, நமக்கு மூணு போதும். அடுப்புல பாத்திரத்த வச்சு அளந்துக்கிடுங்க, பாத்திரத்துல பாதி உசரம் மறைஞ்சா சரி.

இப்ப கேமராவ கிட்ட கொண்டு வாரேன், இந்த ஓரத்த பாருங்க. மூணு நாக்கா வெட்டிருக்கேன், பக்கத்து பலகைல அதுக்கு எதிரா ரெண்டு நாக்கு, எல்லாத்தையும் சைக்கிள் போக்ஸ் கம்பி மேல சுருட்டி சுத்தியலால தட்டுனா கீல் ரெடி, மடிச்சு பைக்குள்ள வச்சிரலாம். கம்பிய அடில ஒரு விரல் நீளம் நீட்டி விட்டுருங்க, மண்ணுல குத்துனா காத்துக்கு அசையாது. மத்த ஓரத்த மடிச்சு தட்டிருங்க, இல்லன்னா கையக் கிழிச்சிரும். வெளில பெயின்ட் இருக்கும், முத தடவ வெட்டவெளில வச்சு நல்லா சூடுகாட்டி நாத்தம் போனதுக்கப்புறம் சமைங்க.

சரி, நாலாவது பலகைய ஏன் விட்டேன்? இதுதான் முக்கியம் மக்களே, தயவுசெஞ்சு கேளுங்க. சுத்தி அடைச்சுட்டா சூடு உள்ளயே தங்கி கேஸ் டப்பா காயும், உள்ள அழுத்தம் ஏறும், வெடிச்சிரும். 50 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு டப்பாலயே போட்டிருப்பான். ஆடில இங்கன காத்து மேக்க இருந்து வருது, அதனால திறந்த பக்கத்த கிழக்க பாத்து வைங்க. அப்பப்ப டப்பாவத் தொட்டுப் பாருங்க, எரியும்போது அது ஜில்லுன்னு இருக்கணும், ஏன்னா உள்ள திரவமா இருக்க கேஸ் ஆவியாகும்போது சூட்ட இழுத்துக்கிடும். வெதுவெதுன்னு இருந்தா பலகைய விரிங்க, சுட்டுச்சுன்னா உடனே அடுப்ப அணைச்சிருங்க. பெரிய தோசைக்கல்லும் இதுல ஆகாது, அது சூட்ட கீழ டப்பா பக்கமே திருப்பி விடும்.

ஸ்பிரிட் அடுப்பு வச்சிருக்கவங்க நாலு பலகையும் போட்டு சுத்தி அடைக்கலாம், அதுல டப்பா இல்லல்லா. ஆனா காத்து உள்ள போக அடில ஆணியால வரிசையா ஓட்டை போட்டுக்கிடுங்க, பாத்திரத்துக்கும் தகரத்துக்கும் ஒரு விரல் இடைவெளி விடுங்க. எந்த அடுப்பா இருந்தாலும் டென்ட்டுக்குள்ள பத்த வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. முண்டந்துறை பக்கம் காட்டுக்குள்ள அடுப்பே கொண்டு போகாதீங்க, இந்த மாதிரி தெரிஞ்சவங்க விளைல கேட்டுட்டு வச்சு சமைங்க.