ஜன்னலில் ஒட்டிய காகிதம்: லிஸ்பனில் ஒரு மதியச் சாப்பாடு

வணக்கம். லிஸ்பன் நகரின் மேற்குப் பகுதியில், 28ஆம் எண் டிராம் வந்து நிற்கும் கடைசி நிறுத்தத்துக்கு அருகே, காம்பு தி ஓரிக் என்ற குடியிருப்பில் உள்ள ஒரு பூங்காவிலிருந்து பேசுகிறேன். நேரம் பிற்பகல் இரண்டே முக்கால். தெருமுனைத் தாஷ்கா ஒன்றில் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நாவில் சுவை இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதால், அறைக்குப் போகும் வரை காத்திருக்கவில்லை.

தாஷ்கா என்பது அக்கம்பக்கத்தார் வந்து சாப்பிடும் சிறிய உணவகம். நம் ஊரில் மெஸ் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதே பொருள்தான். பத்துப் பன்னிரண்டு மேசைகள், சுவரில் பாதி உயரம் வரை பதித்த ஓடு, மூலையில் ஒரு தொலைக்காட்சி, மேசைமேல் விரித்த வெள்ளைக் காகிதம், இவ்வளவுதான் கடை. போர்ச்சுகலின் உணவை அந்நாட்டு மக்கள் உண்பதைப் போலவே உண்ண விரும்புவோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பசியோடு கிளம்புங்கள். கையால் எழுதிய காகிதம் ஜன்னலில் ஒட்டியிருக்கும் கடையைத் தேடுங்கள். அந்தக் காகிதத்தில் இருப்பது 'பிராத்து து தியா', அதாவது அன்றைய சாப்பாடு. காலையில் சந்தையில் என்ன கிடைத்ததோ, அதை வைத்துச் சமைத்த நான்கைந்து வகைகள் மட்டுமே அதில் இருக்கும். இரண்டு மணிக்குப் போனால், தீர்ந்துவிட்டதால், அவற்றில் பாதி கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் 'உமா மேஸா' என்று கேட்டால் இடம் காட்டுவார்கள். நமது மேசையும் ஜன்னலும் சாவியும் போர்த்துக்கீசியரின் மேஸா, ஜனேலா, ஷாவ் என்ற சொற்களிலிருந்து வந்தவை. இலங்கைத் தமிழர் சொல்லும் பாணும் அவர்களுடைய பாவ்ங் என்ற ரொட்டிதான். அந்தச் சொற்களை அவை பிறந்த ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டபோது எனக்கு மிகவும் நெருக்கமாக இருந்தது.

அமர்ந்ததும், நீங்கள் எதையும் கேட்பதற்கு முன்பே, ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய்கள், சில கடைகளில் சிறு பாலாடைக்கட்டி ஆகியவை மேசைக்கு வந்துவிடும். இதற்குக் குவேர் என்று பெயர். இது இலவசமன்று. நான் வந்த முதல் நாள், நகர மையத்தில் ஒரு சுற்றுலாத் தெருவில், இதை அன்பளிப்பு என்று எண்ணி எல்லாவற்றையும் சுவைத்துவிட்டுப் பில்லைப் பார்த்துத் திகைத்தேன். ஆனால் இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. இது இந்நாட்டின் வழக்கம். நீங்கள் கேட்காமலும் தொடாமலும் இருந்த குவேருக்குப் பணம் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. வேண்டாம் என்றால் எடுத்துச் செல்லுங்கள் என்று பணிவாகச் சொல்லலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. நான் இன்று ஆலிவை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழு அளவுக்குத் 'தோஸ்' என்றும் பாதி அளவுக்கு 'மெயா தோஸ்' என்றும் பெயர். பல கடைகளில் ஒருவருக்குப் பாதி அளவே போதும். மீனைக் கிலோ கணக்கில் விலை எழுதியிருந்தால், சுடுவதற்கு முன்பே எடையைக் கேட்டுவிடுவது நல்லது.

இங்கே மதியச் சாப்பாடு பெரும்பாலும் சூப்பில் தொடங்குகிறது. இன்று எனக்கு வந்தது கால்து வேர்த், வடக்கே உள்ள மீஞ்ஞு பகுதியின் சூப். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்குக் குழம்பில், கோவ் கலேகா என்ற கரும்பச்சைக் கீரையை நூல் நூலாக நறுக்கிப் போட்டு, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, புகையில் பதப்படுத்திய ஷோரிசு என்ற பன்றித் தொத்திறைச்சியில் ஒரு வில்லையை மிதக்கவிடுகிறார்கள். அந்தக் கீரையின் நறுக்கல் அவ்வளவு மெல்லியது. கரண்டியில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு தொங்கும். பக்கத்தில் புரோவா என்ற மக்காச்சோள ரொட்டி. தொட்டுச் சாப்பிட வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து வந்த தட்டில் சோறும் இருந்தது, உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தது. இந்நாட்டுத் தட்டில் இரண்டும் ஒன்றாக வருவது மிகச் சாதாரணம். ஐரோப்பாவிலேயே தலைக்கு அதிக அரிசி உண்பவர்களில் போர்த்துக்கீசியர் முன்னணியில் இருக்கிறார்கள். மொந்தேகு, தேஜு, சாது ஆகிய ஆறுகளின் கரைகளில் கரோலினு என்ற அரிசியை விளைவிக்கிறார்கள். வாத்துக்கறிச் சோறு, தக்காளிச் சோறு, குழைவான கடலுணவுச் சோறு என்று அந்த அரிசியில் அவர்கள் செய்வதையெல்லாம் பார்க்கும்போது, சோற்றை மதிக்கத் தெரிந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்ற நிம்மதி எனக்கு ஏற்படுகிறது.

இனிப் பக்கல்யாவ் பற்றிச் சொல்கிறேன். இந்த வீடியோவை எடுக்க வைத்ததே அதுதான். பக்கல்யாவ் என்பது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். நம் சொல்லில் கருவாடு. வியப்பு என்னவென்றால், இந்த மீன் போர்ச்சுகலின் கடலில் கிடைப்பதில்லை. அட்லாண்டிக்கின் மறுகரையில், கனடாவை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்துக் கடலுக்கு 16ஆம் நூற்றாண்டு முதல் இவர்கள் கப்பலில் போய்ப் பிடித்து வந்தார்கள். கத்தோலிக்க விரத நாள்களில் இறைச்சி விலக்கு. உப்பிட்ட மீனோ மாதக்கணக்கில் கெடாது. கடலைப் பார்த்தறியாத உள்நாட்டு மலைக்கிராமத்துக்கும் கழுதை முதுகில் போய்ச் சேரும். இப்படித்தான் தொலைதூரத்து மீன் ஒரு நாட்டின் அன்றாட உணவானது. இவர்கள் அதை 'ஃபியெல் அமீகு', நம்பிக்கைக்குரிய நண்பன், என்று அழைக்கிறார்கள்.

அந்த நண்பனுக்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 20ஆம் நூற்றாண்டிலும் பெரிய பாய்மரக் கப்பலிலிருந்து தோரி என்ற தட்டையான சிறு படகுகளை இறக்கி, ஒரு படகுக்கு ஒரே ஆளாக, பனிமூட்டத்துக்குள் தூண்டில் கயிறோடு போனார்கள். வீடு திரும்ப ஆறு மாதம் ஆகும். அவர்களுக்கு மருத்துவம் பார்க்க அனுப்பிய ஜில் எயானிஷ் என்ற மருத்துவமனைக் கப்பல் இன்றும் வியானா து காஷ்தெலு துறையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. இலாவு ஊரில் இந்த மீன்பிடி வரலாற்றுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. தட்டில் இருக்கும் வெள்ளைச் சதைத் துண்டைப் பார்க்கும்போது இவையெல்லாம் என் நினைவில் நிற்கின்றன.

நேற்றுக் காலை, லிஸ்பனில் ஆற்றங்கரையை ஒட்டிய ஆர்செனால் தெருவில் உள்ள ஒரு பக்கல்யாவ் கடைக்குப் போனேன். முக்கோண வடிவில், பலகை போல விறைத்த மீன்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. தட்டினால் மரத்தைத் தட்டும் ஓசை வந்தது. கடைக்காரர் ஒன்றை எடுத்து, நீண்ட கைப்பிடி கொண்ட வெட்டுக்கத்தியின் கீழ் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தித் துண்டாக்கினார். தடித்த நடுத்துண்டுக்கு ஒரு விலை, வால் பக்கத்துக்கு வேறு விலை. வீட்டில் அதை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை தண்ணீரில் ஊறவைத்து, பலமுறை தண்ணீரை மாற்றினால்தான் உப்பு இறங்கும் என்றார். ஆகவே தாஷ்காவில் இன்று சாப்பிடும் பக்கல்யாவ் முந்தாநாளே திட்டமிடப்பட்டது.

இன்று நான் உண்டது பக்கல்யாவ் ஆ பிராஷ். மீனை இழை இழையாகப் பிய்த்து, வெங்காயத்தோடு ஆலிவ் எண்ணெயில் வதக்கி, குச்சிபோல் பொரித்த உருளைக்கிழங்கைச் சேர்த்து, அடித்த முட்டையை ஊற்றி, முட்டை முழுவதும் இறுகுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். அந்தக் கடைசி நொடியில்தான் சமைப்பவரின் கைத்திறன் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், இதே மீனை உருளைக்கிழங்கோடும் கீரையோடும் வெறுமனே அவித்து எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். மிஞ்சியதை மறுநாள் பூண்டு போட்டு வதக்கினால், அதற்குப் பெயர் ரோப்ப வெல்யா, பழந்துணி. பழைய சோற்றின் அருமை தெரிந்த நமக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் மாதத்தில் வருவோர் சுட்ட மத்தி மீனைத் தவறவிடக் கூடாது. 12ஆம் தேதி இரவு, புனித அந்தோணியார் திருவிழாவுக்காக, லிஸ்பனின் பழைய குடியிருப்பான அல்ஃபாமாவின் சந்துகளில் வாசலுக்கு வாசல் கரியடுப்பு வைத்துச் சுடுகிறார்கள். மீனை ரொட்டித் துண்டின்மேல் வைத்துக் கையால் எடுத்து உண்ண வேண்டும். மீனின் நெய்யெல்லாம் இறங்கி ஊறிய அந்த ரொட்டியைக் கடைசியில் சாப்பிடுவதற்காகவே பலர் காத்திருக்கிறார்கள்.

சைவ உணவு உண்போருக்குத் தாஷ்கா எளிதன்று. சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம் என்பதால் கேட்டே வாங்குங்கள். பெய்ஷீன்யுஷ் தா ஓர்த்தா, தோட்டத்துக் குட்டி மீன்கள் என்று ஒன்று உண்டு. பெயரில்தான் மீன், பச்சை பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்த பஜ்ஜி அது. ஜப்பானியரின் தெம்புரா இதிலிருந்தே பிறந்தது என்பார்கள். தெற்கே அலெந்தேஜுவுக்குப் போனால் அசோர்தா கேளுங்கள். பூண்டும் கொத்தமல்லித் தழையும் சேர்த்து இடித்து, கொதிநீரும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி, பழைய ரொட்டியைப் போட்டு, மேலே ஒரு அவித்த முட்டை வைப்பார்கள். ஐரோப்பாவில் இவ்வளவு தாராளமாகக் கொத்தமல்லி மணக்கும் தட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாப்பாடு முடிந்ததும் அரோஸ் தோஸ் வந்தது. பாலில் குழைய வெந்த அரிசிப் பாயசத்தைத் தட்டையான கிண்ணத்தில் ஆறவைத்து, இலவங்கப்பட்டைத் தூளை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளித் தூவிக் கட்டம் கட்டமாகக் கோலமிட்டிருந்தார்கள். பிறகு ஒரு பிக்கா, லிஸ்பன்காரர்கள் சொல்லும் சின்னக் கோப்பைக் காப்பி.

பில் கேட்டேன். பரிமாறிய பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மேசையில் விரித்திருந்த அதே காகிதத்தில், என் தட்டுக்கும் கோப்பைக்கும் இடையே தொகைகளை எழுதிக் கூட்டி 14 யூரோ என்று வட்டமிட்டார். நாளை என்ன இருக்கும் என்று கேட்டேன். நாளை வியாழன், கொஸீது, என்றார்: பலவகை இறைச்சியும் தொத்திறைச்சியும் கோஸும் கேரட்டும் கிழங்கும் ஒரே பானையில் நெடுநேரம் அவிந்தது. பன்னிரண்டரைக்குள் வந்துவிடுங்கள், அதற்குமேல் இருக்காது என்றும் சொன்னார். பன்னிரண்டேகாலுக்கே போய் நிற்பதாக இருக்கிறேன்.