சாவடி ஓரத்தில் ஒரு குறிப்பேடு

நேயர்களுக்கு வணக்கம்.

பாலஸ்தீனம் என்றதும் குண்டுவீச்சும் போர்நிறுத்தப் பேச்சும்தான் செய்தியில் வரும். நான் இன்று பேச வந்தது அவ்வளவாகச் செய்தியாகாத ஒரு விஷயம். இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் இருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் ஒருவர் வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ எப்படிப் போய் வருகிறார்? அதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வைத்தவர்கள் யார்?

2000 செப்டம்பரில் இரண்டாவது இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீனர்களின் எழுச்சி, தொடங்கியது. அதையடுத்து இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரைச் சாலைகளில் சோதனைச் சாவடிகளைக் கூட்டிக்கொண்டே போனது. 2001 தொடக்கத்தில் மூன்று இஸ்ரேலியப் பெண்கள் அந்தச் சாவடிகளுக்கே போய் நிற்கத் தொடங்கினார்கள். மஹ்சோம் வாட்ச் என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது. ஹீப்ரு மொழியில் மஹ்சோம் என்றால் சோதனைச் சாவடி. உறுப்பினர்கள் பெண்கள் மட்டும்தான். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். பலர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். துப்பாக்கியோடு நிற்கிற பையனுக்கு பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். பாட்டி வயதில் ஒருத்தி குறிப்பேடும் கையுமாக எதிரே வந்து நின்றால் அவனால் அடிக்கவும் முடியாது, விரட்டவும் சங்கடம். அந்தச் சங்கடம்தான் இவர்களுக்கு இருந்த ஒரே பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுதியதெல்லாம் வறட்டு விவரங்கள். எத்தனை மணிக்கு வந்தோம், வரிசை எதுவரை நிற்கிறது, எத்தனை வழி திறந்திருக்கிறது, யாரைத் திருப்பி அனுப்பினார்கள், என்ன காரணம் சொன்னார்கள். படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தபோது, "அப்படியெல்லாம் நடப்பதில்லை" என்று யாரும் எளிதில் தள்ளிவிட முடியாத ஆவணமாக அது ஆகிவிட்டது.

ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவே கலந்தியா சாவடி இருக்கிறது. விடிவதற்கு முன்பே கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வந்து குவிந்துவிடுவார்கள். கம்பிக்கூண்டு போன்ற குறுகல் வழி, அதன் முடிவில் ஆளுயர இரும்புச் சுழல்கதவு. உள்ளே இருக்கும் சிப்பாய் பொத்தானை அழுத்தினால் சுற்றும், விட்டால் நின்றுவிடும். பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர் பையோடும் பிள்ளையோடும் அங்கேயே மாட்டிக்கொள்வார். பெண்கள், முதியவர்கள், நோயாளிகளுக்கென்று தனிக் கதவு ஒன்றும் உண்டு. அதைத் திறக்கச் சொல்லி போன் போட்டுக் கேட்பதே இந்தத் தொண்டர்களுக்குப் பல நாள் வேலையாக இருந்தது. உலகத் திருச்சபைகள் மன்றம் 2002-இல் தொடங்கிய திட்டத்தில், பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் இதே இடத்தில் அதிகாலையில் நின்று, கடந்து போகிறவர்களை எண்ணினார்கள். 2019-இல் கலந்தியாவைப் புதுப்பித்து, முகத்தை அடையாளம் காணும் கருவிகள் வைத்தார்கள். வரிசை குறைந்தது உண்மை. ஆனால் ஜெருசலேமுக்குள் போக இஸ்ரேல் தரும் அனுமதிச்சீட்டு இல்லாதவருக்கு கதவு பளபளப்பாக இருந்து என்ன பயன்?

இன்னொன்று. சாவடியைக் கடக்க இருபது நிமிடமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம் என்றால் இரண்டு மணி நேரத்தைக் கணக்கில் வைத்துத்தான் கிளம்பியாக வேண்டும், அதுவும் தினமும். நோயாளியென்றால் இன்னும் சிக்கல். மேற்குக் கரை ஆம்புலன்ஸை ஜெருசலேமுக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள். சாவடியிலேயே ஸ்ட்ரெச்சரை இறக்கி, ஜெருசலேம் பதிவுள்ள வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். அந்த இன்திஃபாதா ஆண்டுகளில் சாவடியிலேயே பிரசவித்த பெண்கள் 60-க்கும் மேல் என்று ஐ.நா. ஆவணங்கள் சொல்கின்றன. அப்படிப் பிறந்த குழந்தைகளில் பல பிழைக்கவில்லை.

2004 நவம்பரில் மேற்குக் கரையின் நாப்ளஸ் நகருக்குப் பக்கத்தில் பேய்த் இபா சாவடியில், சிப்பாய்களின் முன்னால் ஒரு பாலஸ்தீனர் நின்று வயலின் வாசிப்பதை மஹ்சோம் வாட்சைச் சேர்ந்த ஒரு பெண் படம்பிடித்தார். வாசிக்கச் சொன்னார்கள் என்று ஒரு பக்கமும், அவராகவே வாசித்தார் என்று ராணுவமும் சொன்னது. எப்படியானாலும் அந்தப் படம் இஸ்ரேலில் பலரைத் தூங்கவிடவில்லை. நாஜி முகாம்களில் யூதர்களை வாத்தியம் வாசிக்க வைத்த நினைவு அங்கே பல குடும்பங்களில் இருக்கிறது.

இவர்களைப் புனிதர்களாக்கிப் பேச நான் வரவில்லை. போன் போட்டு ஒருவரைச் சாவடி தாண்ட வைத்துவிட்டால், அந்தச் சாவடியைச் சகித்துக்கொள்ளும்படி நாமே செய்துவிடுகிறோமோ என்ற கேள்வி அமைப்புக்குள்ளேயே எழுந்தது. அதற்காக, காய்ச்சலில் துடிக்கிற பிள்ளையோடு நிற்கும் தாயிடம் "கொள்கைப்படி உதவ மாட்டோம்" என்று சொல்ல முடியுமா? எனக்கு இதற்கு விடை தெரியாது. அவர்கள் போன் போட்டார்கள், எழுதவும் எழுதினார்கள்.

2009 வாக்கில் ஹுவாரா போல மேற்குக் கரை ஊர்களுக்கு நடுவே இருந்த உள்சாவடிகளில் கெடுபிடி தளர்ந்தது. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழானது. இஸ்ரேலுக்குள் வேலை செய்ய அனுமதி வைத்திருந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோரின் அனுமதி முடக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் ஐ.நா. எண்ணியபோது மேற்குக் கரையில் சாவடிகளும் சேர்த்து 849 போக்குவரத்துத் தடைகள் இருந்தன. அவற்றில் நிறைய, ஊர் வாசலில் நட்ட இரும்புக் கேட்டுகள். அங்கே பல நேரம் சிப்பாயே இருப்பதில்லை, பூட்டுதான் இருக்கிறது. யார் முன்னால் போய் நின்று குறிப்பெடுப்பது?

அந்த வேலையை இப்போது 'சர்வீஸ்' எனப்படும் ஷேர் டாக்சி ஓட்டுநர்களும் பயணிகளும் டெலிகிராம் குழுக்களில் செய்துகொள்கிறார்கள். பச்சைக் குறி என்றால் வழி திறந்திருக்கிறது, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. பெத்லகேமிலிருந்து ரமல்லா போகிறவர் வாதி நார் மலைச் சாலையில் இருக்கும் 'கன்டெய்னர்' சாவடி எப்படி இருக்கிறது, ஊரை நெருங்கும்போது எந்த கேட் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார். தகவல் வந்து சேர்வதற்குள் நிலைமை மாறிவிடுவதும் உண்டு. அதனால் ஓட்டுநர்கள் வழியில் கண்ணாடியை இறக்கி, எதிரே வரும் வண்டிக்காரரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.