14 பீஸ், 3 குடும்பம், ஒரே ஒரு கிரைண்டிங் மெஷின்

வணக்கமுங்க. போன வீடியோவில், ஒரு பீஸிலிருந்து அடுத்த பீஸுக்கு மெஷினை மாற்றி அமைக்கும் செட்டிங் போட்டுப் போட்டே ஷிஃப்ட் முடிந்துவிடுகிறது என்று புலம்பினேன் இல்லையா, நேற்று அதற்கு விடிவு வந்துவிட்டது. ஒரே ஷிஃப்டில் ஐந்து வகை புஷ் (நடுவில் ஓட்டை உள்ள சின்ன உருளை) ஓட்டினோம். லேத்தில் பீஸைப் பிடிக்கும் சக்கிலிருந்து, அதன் பிடிக்கட்டையான ஜாவைக் கழற்றவே இல்லை. நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை எனக்கு!

நம்ம பட்டறை உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர் கணபதியில் இரண்டு சிஎன்சி லேத் (புரோகிராம்படி கடையும் மெஷின்), ஒரு கிரைண்டிங் மெஷின் (கடைந்ததைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது), பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். மொத்தம் 14 வகை பீஸ். இத்தனை நாளாகப் பார்ட்டி வாரியாகத்தான், அதாவது எந்தக் கம்பெனி பீஸ் என்று பார்த்துத்தான் ஓட்டினேன். ரேக்கும் அப்படி, டி.சி. (டெலிவரி சலான்) எழுதுவதும் அப்படி. ஒரு லேத்தில் ஒரு நாளைக்கு நாலு செட்டிங், ஒன்றுக்கு 45 நிமிடம். மூன்று மணி நேரம் காலி. மெஷினுக்குத் தெரியுமா இது யார் வீட்டுப் பீஸ் என்று? அதற்குத் தெரிந்ததெல்லாம் பீஸ் கடையும் கம்பியின் விட்டம், ஜா, டூல்.

அதனால் ஒரே மாதிரி உருவமுள்ள பீஸ்களை, யார் வீட்டுது என்று பார்க்காமல், ஒரு குடும்பமாகச் சேர்த்து ஓட்ட ஆரம்பித்தேன். இந்த யோசனை என்னுடையதில்லை. 1950களிலேயே லெனின்கிராடில் மித்ரோபனோவ் என்ற இன்ஜினியர் சொன்னது. ஒரு குடும்பத்துப் பீஸ்களில் இருக்கும் போர் (ஓட்டை), ஸ்டெப் (படி), குரூவ் (பள்ளம்), சேம்ஃபர் (சரிந்த விளிம்பு) எல்லாவற்றையும் சேர்த்து, இல்லாத ஒரு பீஸை வரைந்துகொள்ள வேண்டும். மெஷினை அதற்கு செட் பண்ணிவிட்டால், குடும்பத்தில் எது வந்தாலும் ஓடும். ஒன்றிரண்டு டூல் சும்மா நிற்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் "இது எந்த பம்புக்கு?" என்று கேட்டார்கள். எந்த பம்புக்கும் இல்லை! ஆனால் அதற்கு ஆறே டூல்தான். டூல் மாட்டும் டரட்டில் எட்டு இடம், இரண்டு மிச்சம். இப்போது அடுத்த புஷ்ஷுக்கு மாற 12 நிமிடம்: புரோகிராமை எடு, ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) பார், முதல் பீஸை அளந்து பார், ஓட்டு.

இருங்க, ஜா கதையைச் சொல்லியே ஆகவேண்டும். குடும்பத்துக்கு ஒரு ஜா செட், நம்பர் பஞ்ச் அடித்துத் தனியாக வைப்பது என்று முடிவு செய்து, ஸ்பேர் உட்பட ஆறு செட் சாஃப்ட் ஜா (பீஸ் அளவுக்கு நாமே கடைந்துகொள்வது) வாங்கினேன். செட் 850 ரூபாய். மாட்டினால் ஆடுகிறது. போல்ட்டை முறுக்கினேன், ஆடுகிறது. வேறு செட்டை எடுத்தேன், அதுவும் ஆடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. நம்ம சக்கில் ஜா வந்து உட்காரும் பல் 1.5 மில்லி பிட்ச் (பல்லுக்குப் பல் இடைவெளி), 60 டிகிரி. கடைக்காரர் கொடுத்தது 1/16 இஞ்ச், 90 டிகிரி. 1/16 இஞ்ச் என்றால் 1.5875 மில்லி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கேட்டால், "பில் போட்டாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். வாங்கும்போது பழைய ஜாவைக் கையில் கொண்டுபோகாதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 5,100 ரூபாய்ங்க!

சரி, ஷாப்ட்டுக்கு வருகிறேன். அங்கேதான் நான் முட்டாளானேன். பம்ப் ஷாப்ட்டுகளையும் குடும்பமாக்கி, திங்கள்கிழமை முழு ஷிஃப்டும் ஓட்டினேன். ஒன்றுக்கு நாலு நிமிடம், 420 நிமிடத்தில் 105 ஷாப்ட். குஷியாகத் திரும்பிப் பார்த்தால், கிரைண்டிங்கில் ஒன்றுக்கு ஒன்பது நிமிடம், 46தான் முடிந்திருக்கிறது. மீதி 59 ஷாப்ட் டிரேயில் வழிகிறது. அவசரமாகக் கேட்ட ஃபிளாஞ்சோ (குழாயை இணைக்கும் வட்டத் தகடு) தொடங்கவே இல்லை. லேத்தை எவ்வளவு விரட்டினாலும் கிரைண்டிங் விடுகிற அளவுதான் வெளியே போகும்.

அதனால் இப்போது உருவத்தை மட்டும் பார்ப்பதில்லை, டிராயிங்கில் கிரைண்டிங் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இருந்தால் அது தனிக் குடும்பம், ஒரு நாளைக்கு 46க்கு மேல் லேத்தில் ஏற்றக் கூடாது. அது 184 நிமிட வேலை. அப்புறம் ஒரே ஒரு செட்டிங் மாற்றம், மிச்ச நேரம் கிரைண்டிங்கே தேவைப்படாத ஃபிளாஞ்ச். எக்செல் எனக்கு ஆகாது என்று தெரியுமே, பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டேன்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். நேற்று ஓடிய ஐந்து புஷ் என்றேனே, முதலில் அது ஏழு. அதில் இரண்டு கன்மெட்டல் (செம்புக் கலவை). அளவு ஒன்றுதான், ஜாவும் ஒன்றுதான். ஆனால் மற்ற ஐந்தின் ஈ.என்.8 (ஸ்டீல்) சிப்ஸோடு, அதாவது கடைந்த சீவலோடு, கன்மெட்டல் சிப்ஸ் கலந்தால் ஸ்கிராப்காரர் இரும்பு விலைதான் தருவார். டூலின் வெட்டு முனையான இன்சர்ட்டும் வேறு. அதனால் அந்த இரண்டையும் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டேன், டிரேயைச் சுத்தம் செய்கிற அன்றைக்கு.

அந்த 90 டிகிரி ஜா ஆறு செட்டும் டப்பா கூடப் பிரிக்காமல்... இல்லை, இரண்டு செட் பிரித்தேன். அந்தப் பல் உள்ள சக் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், 4,500க்குத் தருகிறேன். 4,000க்குக் கேட்காதீர்கள்.