கொலைகாரன் கையில் டூத்பிரஷ்: 'தி சிஸ்டர்ஸ் பிரதர்ஸ்' நாவல்

[திரையில்: மர பிரஷ், ஒரு டப்பா பல்பொடி]

வணக்கம். கன்னம் வீங்கிப்போன ஒரு கூலிக் கொலைகாரன் பல் டாக்டரிடம் போகிறான். அவர் பல்லைப் பிடுங்கிவிட்டு ஒரு டூத்பிரஷும் புதினாப் பல்பொடியும் கொடுக்கிறார், அவ்வளவுதான், ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. கூட வந்த அண்ணனோ வலி தெரியாமல் இருக்கப் போட்ட மரப்பு மருந்தைப் பார்க்கிறான். விலைக்குக் கேட்கிறான், டாக்டர் மறுக்கிறார், உடனே துப்பாக்கி வெளியே வருகிறது.

கனடாவில் பிறந்த பேட்ரிக் டெவிட் 2011இல் எழுதிய நாவல் இது. அந்த வருடம் புக்கர் இலக்கியப் பரிசின் குறும்பட்டியலுக்கும் வந்தது.

[திரையில்: வரைபடம். ஆரிகன் சிட்டியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு கோடு]

வருடம் 1851. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்து மூன்று வருடம்தான் ஆகியிருக்கிறது. கப்பலில் வந்து இறங்கிய மாலுமிகளே கப்பலைத் துறைமுகத்தில் அப்படியே போட்டுவிட்டுச் சுரங்கத்துக்கு ஓடிய காலம். ஹெர்மன் வார்ம் என்கிற ஒருவரைத் தீர்த்துக்கட்ட 'கமடோர்' என்ற முதலாளி அண்ணன் சார்லியையும் தம்பி ஈலையையும் அனுப்புகிறார். சிஸ்டர்ஸ் இவர்களுடைய குடும்பப் பெயர்.

கதையைச் சொல்வது ஈலை. சிரிப்பு வருவது அவன் பேசுகிற தோரணையில்தான். ஆளைச் சுட்ட விஷயத்தையும், இந்த முறை அண்ணனைத் தலைவனாகப் போட்டுவிட்டார்களே என்ற மனத்தாங்கலையும், ஒரு பெண் சொன்னாள் என்று உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடப்பதையும், ஏதோ மனு எழுதுகிற மாதிரி ஒரே மரியாதையான குரலில் சொல்லிக்கொண்டு போகிறான். எங்கே சிரிப்பது, எங்கே முகம் சுளிப்பது என்று நமக்குத்தான் குழப்பம்.

அப்புறம் அந்தக் குதிரை. பெயர் டப், அதாவது தொட்டி. குண்டு, மந்தம், போகப்போக ஒரு கண்ணும் போய்விடுகிறது. நல்ல கறுப்புக் குதிரை ஒன்று கையில் தானாக வந்து சிக்குகிறது, ஈலை அதை விற்றுவிட்டு டப்பையே வைத்துக்கொள்கிறான். மனிதர்களிடம் காட்டாத இரக்கம் முழுக்க இந்தக் குதிரைக்குத்தான். எனக்கு நாவலில் மிகவும் பிடித்த பகுதி இது.

வார்ம் ஏன் சாக வேண்டும்? ஆற்றில் ஊற்றினால் தங்கம் இருட்டில் மின்னுகிற ஒரு கரைசலை அவர் கண்டுபிடித்திருக்கிறார். தோலில் பட்டால் பொசுக்கிவிடும். மீதியைச் சொன்னால் திட்டுவீர்கள்.

[திரையில்: படத்தின் போஸ்டர்]

2018இல் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் இதைப் படமாக்கினார். ஜான் சி. ரைலி, வாக்கின் பீனிக்ஸ் நடித்தது. நல்ல படம்தான், ஆனால் காதுக்குள் முணுமுணுக்கிற ஈலையின் குரல் இல்லாமல் பாதி நகைச்சுவை காணாமல் போய்விட்டது.