புல்வெட்டும் மெஷின்: பெட்ரோலா, கரண்டா?

நேயர்களுக்கு வணக்கம். செப்டம்பரில் முதல் மழை விழுந்துவிட்டால் போதும், நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் முழுக்க ஒரே இரைச்சல்தான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எங்கே போனாலும், சனிக்கிழமை காலையில் புல்வெட்டும் மெஷின் ஓடாத தெரு கிடையாது. இந்த மெஷின்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "பெட்ரோல் மெஷின் வாங்கலாமா, கரண்ட் மெஷின் வாங்கலாமா?"

எக்ஸ்டென்ஷன் வயர் எட்டுகிற அளவுக்குத்தான் உங்கள் யார்டு என்றால், கரண்ட் மெஷினே வாங்குங்கள். வாங்கும் விலையையும் பெட்ரோல் செலவையும் மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. பெட்ரோல் மெஷின் ஓடும்போது கெடுவதைவிட, சும்மா நிற்கும்போது கெடுவதுதான் அதிகம்.

இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம், மழையும் குறைவு. யார்டில் இருக்கும் கிக்குயு என்கிற புல் வளர்வதும் நின்றுபோன மாதிரிதான். மெஷின் கராஜ் மூலையில், டாங்கில் பாதிப் பெட்ரோலோடு நிற்கும். எங்கள் எதிர்வீட்டு அண்ணன் வருஷா வருஷம் அப்படித்தான் விடுவார். செப்டம்பரில் கயிறு இழுப்பார், இழுத்துக்கொண்டே இருப்பார். பிளக்கை மாற்றிப் பார்ப்பார், ஆயிலை மாற்றிப் பார்ப்பார். கடைசியில் என்னிடம் வரும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால், அடியில் பழுப்பாக, வார்னிஷ் காய்ந்த மாதிரி ஒரு படிவு. உள்ளே பெட்ரோல் போகிற ஜெட் என்ற சின்னக் குழாயில் இருக்கும் துளையோ ஊசிமுனை அளவுதான். அது அடைத்துவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் எப்படிப் போகும்? பெட்ரோல் இரண்டு மூன்று மாதம் நின்றால் பழசாகிவிடும். ஆகவே சொல்கிறேன்: குளிர்காலத்துக்கு முன் டாங்கைக் காலி செய்யுங்கள், அப்புறம் கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலும் தீர்ந்து மெஷின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். இதைச் செய்ய மனசில்லாதவர்கள் பெட்ரோல் மெஷின் வாங்கவே வேண்டாம்.

"லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, வந்தால்?" என்பீர்கள். 2023-இல் கரண்ட் போன போக்கைப் பார்த்துப் பயந்து பெட்ரோல் மெஷினுக்கு மாறியவர்கள் நிறையப் பேர். அப்போதுகூடக் கரண்ட் இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் போனது, அப்புறம் வந்தது. சோறு வேண்டுமானால் காத்திருக்காது, புல் காத்திருக்கும்.

கரண்ட் மெஷினை வீணாக்குவது வேறு. பனி காயாத ஈரப்புல்லில் ஓட்டாதீர்கள். கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்தால் அதை நிமிர்த்திவிட்டு மறுபடி ஓட்டாதீர்கள், வயரைச் சோதியுங்கள். மெல்லிய, நீளமான வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடேறும். ரீலில் சுற்றிய வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பெரிய நிலம், சரிவு, முழங்கால் உயரப் புல் என்றால் பெட்ரோல்தான், அதில் சந்தேகமில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பாட்டரி மெஷின் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. சரி, சுருக்கமாக: வாங்கும் முன் மாற்றுப் பாட்டரியின் விலையைக் கடையில் கேளுங்கள், ஏனென்றால் சில வருஷத்தில் அந்தச் செலவு வரும். பாட்டரியை வெயில் காயும் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள். நன்றி, வணக்கம்.